கல்லூரிச் சைரனும் அக்காவின் மூன்றாவது அறிக்கையும்

அறுபத்தைந்தில் எல்லையில் சண்டை மூண்டபோது, மாட்டுங்காவில் நான் படித்த கல்லூரி முதலில் செய்த காரியம் மாடிப்படிகளுக்குக் கீழே சிவப்பு வாளிகளில் மணலை நிரப்பி வைத்தது. இரண்டாவது காரியம், முற்றத்து வேப்பமரத்தில் ஒரு ஒலிபெருக்கியைக் கட்டியது. அதற்கு முன்னால் அறிவிப்பு என்றால் நோட்டீஸ் போர்டுதான். அதை யாரும் படிக்க மாட்டோம். ஒலிபெருக்கி வந்த பிறகு தப்பிக்க வழியில்லாமல் போயிற்று. பிரின்ஸிபால் ஆங்கிலத்தில் சொல்வார், பிறகு ஒரு வாத்தியார் மராத்தியில் சொல்வார், இன்னொருவர் இந்தியில், ஒரு பையன் குஜராத்தியில். "ஜன்னல் கண்ணாடிகளில் காகிதம் ஒட்டுங்கள்" என்கிற ஒரே வரி எல்லார் வாயிலும் புகுந்து வெளியே வருவதற்குள் டிஃபன் நேரம் முடிந்துவிடும்.

தமிழில் மட்டும் கிடையாது. எனக்கு ஆத்திரமாக வந்தது. நேரே பிரின்ஸிபால் அறைக்குப் போய்க் கேட்டுவிட்டேன். மனசில் பட்டால் அது வாய்க்கு வர எனக்கு ரொம்ப நேரம் ஆகாது. அப்போதும் சரி, இப்போதும் சரி. தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியுமே என்றார் அவர். "எங்களுக்குத் தெரியும் ஸார். தாராவியில எங்க வீட்டுல தெரியாதே. குண்டு காலேஜ் மேல மட்டுந்தான் விழுமா?" என்று ஆங்கிலத்திலேயே கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படியானால் நீயே பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்து, கற்றுக்கொண்டு, உன் வீட்டாருக்குப் போய்ச் சொல் என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

வகுப்பு சனிக்கிழமை மத்தியானம், விளையாட்டு மைதானத்தில். சொல்லிக்கொடுக்க வந்தவர் தீயணைப்புப் படையில் இருந்து ஓய்வு பெற்ற மராத்திக்காரர். மணல் வாளி மாஸ்டர் என்று அவருக்கு நாங்கள் பெயர் வைத்திருந்தோம். மனுஷருக்கு மெதுவாகப் பேசவே தெரியாது. பக்கத்தில் நிற்கிறவனிடம் தண்ணீர் கேட்பதென்றாலும், எரிகிற கட்டடத்தின் நாலாவது மாடியில் இருப்பவனைக் கூப்பிடுவது போலத்தான் கேட்பார்.

அவருடைய முதல் பாடம், விழுவது. ஏறி இறங்கி, ஏறி இறங்கிச் சைரன் கத்தினால் ஆபத்து. உடனே இருந்த இடத்தில் குப்புற விழ வேண்டும். நெஞ்சு தரையில் படக் கூடாது, முழங்கையை ஊன்றிக்கொள்ள வேண்டும். காதுகளை விரலால் அடைக்க வேண்டும். குண்டு அதிர்ச்சியில் நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் இருக்கப் பல்லுக்கு நடுவில் கைக்குட்டையை வைத்துக்கொள்ள வேண்டும். யாரும் பேசக் கூடாது, யாரும் ஓடக் கூடாது, அடுத்தவருக்கு உதவி செய்கிறேன் என்று எழுந்திருக்கவும் கூடாது. சைரன் ஒரே சீராக நீண்டு ஊதினால் ஆபத்து நீங்கியது; எழுந்திருக்கலாம். இவ்வளவுதான் பாடம். இதைச் சொல்லிவிட்டு, "நீச்சே!" என்று, அதாவது கீழே என்று, ஒரு கத்துக் கத்துவார்.

ஒருத்தரும் விழ மாட்டார்கள். பையன்களுக்குத் தலை கலைந்துவிடும் என்று கவலை. மாட்டுங்காவிலேயே குடியிருக்கும் தமிழ்ப் பெண்கள் கஞ்சி போட்ட மெல்லிய பருத்திப் புடவையில் வந்து நிற்பார்கள். கர்ச்சீப்பை விரித்து, அதன்மேல் ஒரு முழங்காலை மட்டும் பட்டும் படாமலும் வைப்பார்கள். நான் மட்டும் பொத்தென்று விழுவேன். எழுந்திருக்கும்போது மூக்கிலும் மண் இருக்கும். "ஏன்டீ, நெஜமாவே விழறயே! அசடா நீ?" என்று என் சிநேகிதி சிரிப்பாள். அவள் அப்பா மத்திய சர்க்கார் ஆபீசில் சூப்பரின்டென்டென்ட். "நீ நின்னுகிட்டே சாவு" என்று சொல்லிவிட்டுப் புடவையைத் தட்டிக்கொள்வேன்.

கட்டுப் போடுவது, இரண்டு மூங்கிலையும் நாலு சட்டையையும் வைத்து ஸ்ட்ரெச்சர் செய்வது எல்லாம் கற்றுக்கொண்டோம். பிறகு மாஸ்டர் புது உத்தரவு போட்டார். ஒவ்வொருவரும் அவரவர் வசிக்கும் இடத்தில் ஜனங்களைக் கூட்டிப் பழக்க வேண்டும். கையால் சுற்றும் சைரன் ஒன்றைக் கல்லூரி கொடுக்கும். அவர் நேரில் வந்து பார்ப்பார். எந்த இடத்தில் ஜனங்கள் விழவில்லையோ, அந்த மாணவனுக்கு சர்டிபிகேட் கிடையாது.

எனக்கு இடத்துக்குப் பஞ்சமா? தாராவியில் எங்கள் கோயில் இருந்தது. கோயில் என்றால் எங்கள் வழக்கில் சர்ச். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை அங்கேதான். எங்கள் ஜனங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முனிசிபாலிட்டிக்காரன் தெருவில் நின்று மைக்கில் அலறினால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதையே ஆராதனையின் நடுவில், காணிக்கைப் பாட்டுக்கு முந்திய அறிவிப்பு நேரத்தில் சொன்னால் அப்படியே செய்வார்கள். அங்கே வாசிக்கப்படுவது தண்ணீர்க் குழாய் சமாசாரமாக இருந்தாலும் அது வேதவாக்கு மாதிரிதான்.

பாதிரியாரிடம் போய்க் கேட்டேன். தாராளமாகச் சொல்லம்மா என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே என்னை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார். மாட்டுங்கா சிநேகிதி அழகான தமிழில், "அபாய ஒலி எழும்பியவுடன் அனைவரும்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். நான் அதை மடித்து வைத்துக்கொண்டு, "சைரன் ஊதுனா நிக்காதிய, யோசிக்காதிய, பொத்துன்னு விழுந்துருங்க. எந்திரிக்கச் சொல்லி மறுபடி ஊதுத வரைக்கும் ஒரு சத்தம் வரக் கூடாது" என்று சொன்னேன். ஆராதனை முடிந்ததும் முழங்கை, காது, கைக்குட்டை, தலையைத் தூக்காமல் கிடப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்து எல்லாரையும் பாயில் விழச் சொன்னேன். கிழவர்கள் உட்பட எல்லாரும் விழுந்தார்கள். எனக்கு ஆனந்தமான ஆனந்தம். கல்லூரியில் ஒரு மைதானமே செய்ய மறுத்ததை இவர்கள் ஒரே சொல்லில் செய்தார்கள்.

அன்று விழாதவர் ஒரே ஒருத்தர். செம்பூர் அத்தை. "எனக்கு முட்டு வலி. குண்டு விழுந்தா நின்னுகிட்டே வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்தச் செம்பூர் அத்தையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் அக்கா ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். செம்பூரில் ஒரு ஃபாக்டரியில் வேலை பார்த்த ஒருத்தர் விரல் நசுங்கி அங்கே வந்து சேர்ந்தார். அக்கா கட்டுப் போட்டாள். கட்டு அவிழ்க்கிற அன்றைக்கு அவர் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டார். அவள் கீழே பார்த்துக்கொண்டு, வீட்டில் வந்து பேசுங்கள் என்றாள். அவருடைய அம்மாதான் அத்தை. புருஷனைப் பறிகொடுத்து, ஒற்றை மகனைத் தனியாக ஆளாக்கியவர். அவருக்கு இந்தச் சம்பந்தம் துளியும் பிடிக்கவில்லை. ஆம்பளைகளைத் தொட்டு மருந்து போடுகிறவள், ராத்திரி ட்யூட்டி பார்க்கிறவள் என்று ஆயிரம் குறை. மகன் பிடிவாதமாக நின்றதால் சரி என்றார். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

எங்கள் சபையில் கல்யாணம் என்றால் அதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை அறிக்கை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், இது நடக்கக் கூடாதபடி ஏதாவது தடை யாருக்காவது தெரிந்தால் எழுந்து சொல்லலாம் என்று பாதிரியார் கேட்பார். கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். மேலே போவார். நான் பிறந்ததிலிருந்து ஒருத்தர் எழுந்து பார்த்ததில்லை.

அத்தை எழுந்திருக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அக்காவுக்குப் பதினாறு பதினேழு வயதில் ஊரில் ஒரு சொந்தக்காரப் பையனுக்கு அவளைப் பேசி, வெற்றிலை பாக்கு மாற்றியிருந்தார்கள். அந்தப் பையன் கொழும்புக்குப் போனான், போனவன் போனவன்தான். ஒரு கடுதாசி இல்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் அதை மறந்தே விட்டோம். அத்தை எங்கிருந்தோ அதைத் தோண்டி எடுத்துவிட்டார். "மொத ரெண்டு வாரம் எம் மவனுக்குப் புத்தி வருதான்னு பாப்பேன். வரலன்னா மூணாவது வாரம் எந்திரிச்சுச் சொல்லுவேன்" என்று செம்பூரைத் தாண்டிக் கோவண்டி வரைக்கும் பரப்பியிருந்தார்.

அப்பா பாதிரியாரிடம் போய் விசாரித்தார். "யாராவது எந்திரிச்சுச் சொல்லிட்டா நான் விட முடியாதுய்யா. ஊருக்கு எழுதி, கமிட்டி கூடி, விசாரிச்சுத்தான் ஆகணும். மாசக் கணக்குல ஆகும்" என்றாராம். மாசக் கணக்கு என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். விசாரணையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும், கோயிலில் எழுந்து நின்று சொன்ன பேச்சு ஊர் வாயில் நிற்கும். அக்கா அழவில்லை. "இவியளக் கட்டலன்னா நான் யாரையும் கட்டல" என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிட்டு ட்யூட்டிக்குப் போனாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. எங்கள் வீட்டில் அவளுக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன்.

முதல் அறிக்கை போனது. இரண்டாவது அறிக்கை அன்றைக்குத்தான் நான் எல்லாரையும் பாயில் விழ வைத்தது. அன்றே இன்னொன்றையும் அழுத்திச் சொல்லியிருந்தேன். "அடுத்த ஞாயித்துக்கெழம ஐயா கடைசி ஆசீர்வாதம் சொல்லி முடிச்ச பொறவு ஊதுவோம். அது பழக்கத்துக்கு. வேற எப்ப ஊதுனாலும் அது நெசம்." சண்டை நின்றுவிட்டது என்று அதற்குள் ரேடியோவில் சொல்லிவிட்டார்கள்தான். ஆனால் யாரும் முழுசாக நம்பவில்லை. ஜன்னல் காகிதத்தை ஒருத்தரும் கிழிக்கவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வந்தது. மணல் வாளி மாஸ்டர் காக்கிச் சட்டையும் விசிலுமாக ஆராதனை நடுவிலேயே வந்துவிட்டார். கோயில் வராந்தாவில், பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே, சைரனை அதன் மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்தி, என்னை அதன் பக்கத்திலேயே நிற்கச் சொன்னார். பிறகு ஒரு தூணில் சாய்ந்து பீடி பற்ற வைத்தார். கதவு திறந்திருந்தது. அங்கிருந்து பெண்கள் பக்கம் முழுக்க எனக்குத் தெரிந்தது. அக்கா முன் வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நாலைந்து வரிசை பின்னால், சுவரோரம், முட்டு வலிக்காரர்களுக்குப் போட்ட ஸ்டூல் ஒன்றில் அத்தை. மடியில் குடை. மாப்பிள்ளை ஆண்கள் பக்கம், நடைவழிக்கு அந்தண்டை, அத்தைக்கு நேர் எதிரே. அம்மா எந்தப் பக்கமும் பார்க்காமல் ஜெபப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பாதிரியார் அறிக்கையை வாசித்தார். அப்பா பெயர், அக்கா பெயர், மாப்பிள்ளை பெயர். இது மூன்றாவது முறை என்றார். தடை தெரிந்தவர்கள் உண்டா என்று கேட்டார். வழக்கமாக எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பவர், அன்றைக்குத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் பயம்.

அத்தை குடையைக் கீழே வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். வாயைத் திறந்தார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. என் கை சைரன் பிடியில் இருந்தது. யோசித்தேன் என்று சொன்னால் பொய். சுற்றினேன். இரண்டு கையாலும், பல்லைக் கடித்துக்கொண்டு, இருக்கிற பலத்தை எல்லாம் கூட்டிச் சுற்றினேன். அந்தச் சின்ன இயந்திரம் முதலில் முனகியது, பிறகு ஓலமிட்டது, பிறகு தாராவி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியது. "அபி நஹீ! அரே பாகல் லட்கி, அபி நஹீ!" என்று மாஸ்டர் பீடியைத் துப்பிவிட்டு ஓடிவந்தார். பைத்தியக்காரப் பெண்ணே, இப்போது இல்லை என்று அவர் கத்தினாராம், அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன்.

உள்ளே என்ன நடந்தது என்று கேளுங்கள். மொத்தச் சபையும் பொத்தென்று விழுந்தது. ஒருத்தர் மிச்சமில்லை. நான் சொன்னபடி முழங்கை ஊன்றி, காதை அடைத்து, கைக்குட்டையை, முந்தானை நுனியை, வேஷ்டித் தலைப்பைப் பல்லில் கவ்விக்கொண்டு விழுந்தார்கள். ஆர்மோனியக்காரர் ஆர்மோனியத்துக்கு அடியில் போனார். பாதிரியாரிடம் கைக்குட்டை இல்லை. அறிக்கைத் தாளையே பல்லில் கவ்விக்கொண்டு மேஜைக்குப் பின்னால் படுத்தார். எவ்வளவு பேர், எவ்வளவு அமைதி! அப்போதுதான் எனக்கு உறைத்தது: ஆசீர்வாதம் இன்னும் சொல்லவில்லை. அதனால் இவர்கள் எல்லாருக்கும் இது நிஜம்.

நின்றுகொண்டிருந்தது அத்தை ஒருத்தர்தான். போன வாரம் விழக் கற்றுக்கொள்ளாமல் குடையைத் தூக்கிக்கொண்டு போனவர் அல்லவா? திறந்த வாய் திறந்தபடி, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, அத்தனை பேர் முதுகுக்கும் நடுவில் தனியாக நின்றார். முகம் வெளுத்துப் போயிருந்தது. முட்டு மடங்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒருத்தரும் தலையைத் தூக்கவில்லை. தூக்கக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேனே!

முன் வரிசையில் அக்கா தலையைத் தூக்கினாள். திரும்பிப் பார்த்தாள். எழுந்தாள். குனிந்தபடி, மற்றவர்களின் கால்களைத் தாண்டித் தாண்டி ஓடினாள். அத்தையின் இடுப்பைச் சுற்றிப் பிடித்து, ஆஸ்பத்திரியில் நோயாளியைக் கட்டிலில் இறக்குகிற மாதிரி பையக் கீழே இறக்கினாள். தன் முந்தானையைச் சுருட்டி அத்தையின் பல்லுக்கு நடுவில் கொடுத்தாள். பிறகு அவர் மேலே கவிழ்ந்து படுத்து, அவர் தலையைத் தன் இரண்டு கைகளுக்குள் மூடிக்கொண்டாள்.

என் கை நின்றுவிட்டது. மாஸ்டர் வந்து என்னை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, தானே சைரனைச் சுற்றி, ஒரே சீராக ஆபத்து நீங்கிய ஒலியை ஊதினார்.

அவர் என்னை அங்கேயே தொலைத்திருப்பார். ஆனால் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டார். பார்த்ததும் பூட்ஸைக் கழற்றிவிட்டு, நடைவழியில் நடந்து போய், எழுந்துகொண்டிருந்த சபையை ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். பம்பாய் முழுக்க வாரக் கணக்கில் விழாத ஜனங்களையே பார்த்துச் சலித்த மனுஷர் அவர். "ஃபர்ஸ்ட் கிளாஸ்!" என்று கத்தினார். "ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்!" பிறகு என்னிடம் திரும்பி, அடுத்தவர் மேல் படுத்த அந்தப் பெண் யார் என்று கேட்டார். என் அக்கா, நர்ஸ் என்றேன். விதி மீறல் என்றார். ஆனால் அவர் குரல் முதல் தடவையாக மெதுவாக இருந்தது.

இது பழக்கந்தான், நிஜம் இல்லை என்று தெரிந்ததும் கோயிலில் பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் என்னைத் திட்டினார்கள். "ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? எனக்கு ஈரக்கொலயே நடுங்கிப் போச்சே!" என்று அம்மா ஆராதனை நடுவிலேயே எழுந்து கேட்டாள். பாதிரியார் கையைத் தூக்கி எல்லாரையும் அடக்கினார். பல் தடம் பதிந்த அறிக்கைத் தாளை நீவிச் சரிசெய்தார்.

"கேள்விக்குப் பதில் வராமலே படுத்துட்டோம்" என்றார். "அதனால மறுபடி கேக்கணும். செம்பூர் அம்மா, நீங்கதான் எந்திரிச்சிய. என்ன சொல்ல வந்தியளோ சொல்லுங்க."

அத்தையை அதற்குள் ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. நடைவழிக்கு அந்தண்டை நின்ற மகனைப் பார்த்தார். பாவம், மாப்பிள்ளை என் பாடத்தை எழுத்துக்கு எழுத்துச் செய்தவர். இருந்த இடத்திலேயே குப்புற விழுந்து, காதை அடைத்து, தலையைத் தூக்காமல் கிடந்தவர். சட்டை முன்புறம் எல்லாம் மண். வாயில் இன்னும் கைக்குட்டை.

"தடை இருக்குய்யா" என்றார் அத்தை.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"பெத்த தாயி நட்டநடுவுல நிக்கேன். எம் மவன் அந்தா, கைக்கெட்டுத தூரத்துல மூக்கத் தரையில வச்சிகிட்டுக் கெடக்கான். எங்கேயோ இருந்த பிள்ள ஓடி வந்து எம் மேல விழுதா. நான் தடை சொல்லணும்னா அவனுக்குத்தான் சொல்லணும். அவன் இந்தப் பிள்ளைக்கு லாயக்கில்ல." மூச்சு வாங்கினார். "இருந்தாலும் பரவால்ல. அவளே திருத்திக்கிடட்டும். கல்யாணத்த நடத்துங்க."

சிரிப்பு எழுந்தது பாருங்கள், சைரனே தோற்றது. மாப்பிள்ளை கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். அப்பா யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

ஆராதனை முடிந்ததும் பாதிரியார் என்னைக் கூப்பிட்டு, ஆசீர்வாதத்துக்குப் பிறகு என்றுதானே சொன்னாய் என்று கேட்டார். "அவிய எந்திரிச்சாவ, நான் ஊதிட்டேன்யா" என்றேன். அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். ஒரு மாதம் கோயிலைப் பெருக்க வேண்டும் என்று தண்டனை கொடுத்தார். சுற்றியதற்காக நான் இன்றுவரை வருந்தவில்லை. பெருக்கும்போதுதான் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

திங்கட்கிழமை கல்லூரியில் ஒலிபெருக்கி கரகரத்தது. பிரின்ஸிபால் ஆங்கிலத்தில் சொன்னார்: தாராவியில் ஒரு தேவாலயத்துச் சபையார் ஒருவர் விடாமல் பயிற்சியைச் செய்து காட்டினார்கள், அங்கே ஒரு நர்ஸ் தன் உயிரைப் பொருட்படுத்தாமல் ஒரு வயதான அம்மாளைத் தன் உடம்பால் மூடிப் பாதுகாத்தாள், அது நம் மாணவர்கள் எல்லாருக்கும் முன்மாதிரி. பிறகு மராத்தி, இந்தி, குஜராத்தி. பிறகு என்னைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்து, இப்போது தமிழில் சொல் என்றார். தாராவியில் பேசுகிறபடியே பேசினேன். முற்றத்தில் மாட்டுங்காக் கூட்டம் கை தட்டிச் சிரித்தது. அடுத்த சனிக்கிழமை வகுப்பில் மாஸ்டர் "நீச்சே!" என்றதும் என் சிநேகிதி கஞ்சிப் புடவையோடு தொப்பென்று விழுந்தாள். "போறுமாடீ?" என்று தரையிலிருந்தே கேட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்கு நடந்து வரவில்லை, பறந்து வந்தேன். அக்கா ட்யூட்டிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு முன்னால் நின்று நர்ஸ் தொப்பியில் ஹேர்பின் குத்திக்கொண்டிருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, அதன்மேல் சிவப்பு மருந்து. அவளைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்து, பிரின்ஸிபால் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அந்த அறிவிப்பை முழுக்கச் சொல்லிக் காட்டினேன். தன் உயிரைப் பொருட்படுத்தாமல் என்ற இடத்தில் குரலை உயர்த்தினேன். முன்மாதிரி என்ற இடத்தில் அவள் மோவாயைப் பிடித்து ஆட்டினேன்.

அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அப்படியெல்லாம் சொல்லாதட்டி" என்றாள்.

"ஏன்? நடந்தத்தான சொன்னாவ."

அவள் ஒரு பின்னைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே குழாயடியில் யாரோ குடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நெசமான குண்டுன்னுதான் நெனச்சேன்" என்றாள். "திரும்பிப் பாத்தேன். அவிய மட்டும் நிக்காவ. இப்ப குண்டு விழுந்தா அவிய மேலதான் மொதல்ல விழும், பேச வந்தது பேசாமலே போயிரும், எல்லாம் தீந்துரும்னு தோணிச்சு. நல்லாப் படுத்துக் கெடன்னு மனசு சொல்லுது." பின்னை மடியில் வைத்தாள். "அப்படித் தோணிச்சேன்னு பயந்து போயிட்டேன். குண்டுக்கு இல்லட்டி. எனக்குத்தான். அதான் ஓடுனேன்."

அவள் சாந்தமானவள், பயந்தவள், அவளுக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டும் என்று அத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குள்ளும் அந்தக் கோபம் இருந்தது, என்னுடையதைவிடப் பெரிதாகவே இருந்தது. அவள் அதோடு எழுந்து எந்தப் பக்கம் ஓடினாள் என்பதுதான் வேறு. அவளை எனக்கு எப்போதுமே பிடிக்கும். அன்றைக்குப் பிடித்தது போல அதற்கு முன்னால் பிடித்ததில்லை.

"இத அத்த கிட்ட சொல்லிரவா?" என்று கேட்டாள் அக்கா. கேட்டது நிஜமாகவே.

"சொன்னியன்னா மறுபடியும் சைரன எடுத்துட்டு வந்துருவேன்" என்றேன்.

அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. தொப்பி கழன்று விழுகிற அளவுக்குச் சிரித்தாள். நேரமாகிவிட்டது என்று நான்தான் அதை எடுத்து, ஒழுங்காகப் பின் குத்தி, அவளை வேலைக்கு அனுப்பினேன்.